ஆத்தாளுக்கு ஓட்டு இல்லை

சின்னேரிப்பட்டி,
காரிமங்கலம் தபால்.
பகுதானிய வருஷம், பங்குனி மாதம்.

கோலார் தங்க வயலில் மெஷின் ஷெட்டில் உத்தியோகம் பார்க்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் அர்ச்சுனன் அவர்கள் சமுகத்துக்கு, மேற்படி ஊர் மாரியம்மன் கோயில் பூசாரியும், தங்கள் கூடப்பிறந்த தங்கை நஞ்சம்மாளைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்கு ஆளானவனுமாகிய பச்சியப்பன் வந்தனம் செய்து எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கவேண்டுமென்று ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். அப்படி வேண்டிக்கொள்வது முறை என்பதால் வேண்டிக்கொள்கிறேன். மனசார வேண்டிக்கொள்ள இன்னும் சில நாள் பிடிக்கும். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மழை இல்லை. ராகி பாதிதான் தேறியது. காளை மாடு சௌக்கியம்.

நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. எழுந்து எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது தங்கள் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளவும்.

போன மார்கழியில் தாங்கள் ஒரு கடுதாசி போட்டீர்கள். எனக்குப் போட்டிருந்தால் படித்துவிட்டு எரவாணத்தில் செருகி வைத்திருப்பேன், ஒரு கெடுதலும் வந்திருக்காது. சென்றாயனுக்குப் போட்டீர்கள். கதர்ச் சட்டை மாட்டிக்கொண்டு, பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு ஆகவேண்டும் என்று அலைந்துகொண்டிருந்த அதே சென்றாயனுக்கு. "என் தங்கை மேல் ஆத்தா வருவாள், அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் ஊர் முழுக்க உங்கள் பெட்டியில்தான் ஓட்டு விழும், பூசாரி என் மச்சான்தான், அவரிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளவும்" என்று எழுதினீர்களாமே? அதை அவன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, களத்து மேட்டிலும் கிணற்றடியிலும் பார்க்கிற ஆளுக்கெல்லாம் வாசித்துக் காட்டினான். ஏற்பாடு செய்துகொள்வதா? ஆத்தா என்ன வாடகை வண்டியா மச்சான், முந்தின நாளே சொல்லி வைத்தால் வாசலில் வந்து நிற்பதற்கு? தங்க வயலில் சங்கம், கூட்டம், கொடி என்று தங்களுக்குப் பொழுது போகாமல் இருந்தால் அங்கேயே பூமிக்கடியில் இறங்கிப் பேசிக்கொள்ளக் கூடாதா?

சென்றாயன் வாசித்தது எதிராளி காதுக்குப் போகாமல் இருக்குமா? எதிராளி ராஜப்பன். மிட்டாதாருடைய அண்ணன் மகன். அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் முதல் மரியாதை வாங்குகிற நாளைத் தவிர வேறு நாளில் கோயில் பக்கம் தலை காட்டியதில்லை. தங்கள் கடுதாசி சங்கதி தெரிந்த மறுநாளே ராஜப்பன் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து, கொடிமரம் இல்லாத கோயிலில் கொடிமரம் எங்கே என்று தேடி, கடைசியில் வேப்பமரத்தடியில் விழுந்து கும்பிட்டான். "பூசாரி, தர்மம் அழியுது. கதர்க்காரன் ஜெயிச்சா சேரிக்காரன் கோயிலுக்குள்ள வந்துடுவான். ஆத்தாளுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டான். ஆத்தாளுக்கு எல்லாம் தெரியுங்க, நீங்க இந்தப் பக்கம் வராதது உட்பட, என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சென்றாயன் நிஜமாகவே சேரிக்குப் போய் அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். நம் கோயிலுக்குப் பறை அடிக்கிற குள்ளன் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து, "நான் வந்தா உங்களை எல்லாம் கைபிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போவேன்" என்றானாம். அன்றைக்குச் சாயங்காலமே ஊர்த்தெருவுக்கு வந்து, "அதெல்லாம் பட்டணத்துப் பேச்சு, நம்ம ஊரு வரைக்கும் வந்து சேர நாளாகும், யாரும் பயப்படாதீங்க" என்றான். சேரியிலும் ஊரிலும் வரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு இருந்தது. ஓட்டு ஒன்றுதான், நாக்கு ரெண்டு.

அப்புறம் பெட்டி வந்தது மச்சான். எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. சென்றாயனுக்கு மஞ்சள், ராஜப்பனுக்குச் சிவப்பு. சர்க்கார்க்காரன் சும்மனே ரெண்டு நிறத்தைப் பூசி அனுப்பினான், இவங்க ரெண்டு பேரும் அதைக் கோயிலுக்குள்ள கொண்டாந்துட்டாங்க. "ஆத்தா குளிக்கறது எதுல? மஞ்சள்ல!" அப்படின்னு சென்றாயன் ஆளுங்க தண்டோரா போடறாங்க. "ஆத்தா நெத்தியில இருக்கறது என்ன? குங்குமம்! குங்குமம் என்ன நிறம்?" அப்படின்னு ராஜப்பன் ஆளுங்க அதுக்கு மேல கத்தறாங்க. ஊருல ஒரு பொம்பளை நிம்மதியா மஞ்சள் பூசிக் குளிக்க முடியலீங்க. குளிச்சுட்டு வந்தா, "ஓகோ, உன் வூட்டுக்காரன் அந்தப் பக்கமா?" அப்படின்னு கேள்வி. பெருசா பொட்டு வெச்சா இந்தப் பக்கம். ரெண்டும் வெச்சவள ரெண்டு பக்கத்துக்காரனும் சந்தேகப்பட்டான். தாலியில மஞ்சள் கயிறு கட்டியிருக்கறது கட்சிப் பிரசாரம்னு ஒருத்தன் கர்ணம்கிட்ட பிராது குடுத்தான்னா நம்புவீங்களா? குடுத்தான். கர்ணம் அதை வாங்கியும் வெச்சுக்கிட்டாரு.

சத்தியம் வாங்கற கூத்து வேற. ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து, ஆத்தா முன்னால கற்பூரம் கொளுத்தி, "மஞ்சப் பெட்டிக்குப் போடறேன்"னு கையடிக்கச் சொல்வாங்க. அவன் வூட்டுக்குப் போற வழியிலயே அடுத்த கூட்டம் மடக்கித் திருப்பிக் கூட்டிட்டு வரும். அதே கற்பூரத் தட்டு, அதே ஆத்தா, "செவப்புப் பெட்டிக்குப் போடறேன்." காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் கற்பூரப் புகை. எனக்குக் கண்ணு ரெண்டும் வீங்கிப்போச்சு. ஆத்தா மொகத்துல கரி ஏறி, தொடைச்சுத் தொடைச்சு எனக்கு அழுகை வந்துடுச்சு மச்சான். நான் கேட்டேன், "ஏம்பா, ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிட்டியே, ஆத்தா கண்ணக் குத்த மாட்டாளா?" அப்படின்னு. அவன் சொல்றான், "ரெண்டு சத்தியமும் ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போயிருமுங்க பூசாரி." இதுவா பக்தி?

சந்தைக்குப் போனப்ப நம்ம கவுஸ் பாஷாகிட்ட, அதான் காரிமங்கலத்துல மாட்டுக்கு லாடம் அடிக்கறவரு, அவருகிட்ட இதைச் சொல்லிப் பொலம்பினேன். அவரு காளையைக் கீழ தள்ளிக் காலைக் கட்டிக்கிட்டே சிரிக்கறாரு. "பூசாரி, நீங்க பரவால்லே. சென்றாயன் எங்க பள்ளிவாசலுக்கு வந்து, தலையில கைக்குட்டையக் கட்டிக்கிட்டு, எல்லாரும் ஒரு பக்கம் பாக்க அவன் எங்களையே பாத்து நின்னுக்கிட்டிருந்தான். ராஜப்பன் வந்து, அவங்க பாட்டன் காலத்துல இருந்து எங்க தர்காவுக்கு வெளக்கு எண்ணெ குடுக்கறதாச் சொல்றான். எந்தத் தர்காவுக்குன்னு கேட்டேன். முழிக்கறான். உங்களுக்காவது ஒரு ஆத்தா வாயத் தொறந்து பேசறா. எங்களுக்காக எல்லாத்தையும் இவனுங்களே பேசிக்கறானுங்க" அப்படின்னாரு. எனக்குச் சிரிப்பு வரல. அவரு அடிச்ச லாடத்து ஆணி ஒவ்வொண்ணும் என் மண்டையில இறங்கற மாதிரி இருந்துச்சு.

மாசித் திருவிழா வந்துச்சு. ராஜப்பன் ஆத்தாளுக்குச் செவப்புச் சேலை கொண்டுவந்து தட்டுல வெச்சான். பின்னாலயே சென்றாயன் மஞ்சள் சேலை. எதை உடுத்தறது? மஞ்சளை உடுத்தினா ராஜப்பன் தேரு வடத்தைத் தொட மாட்டேங்கறான். செவப்பை உடுத்தினா சென்றாயன் ஆளுங்க மேளம் நிறுத்திடுவோம்ங்கறாங்க. சரின்னு ரெண்டையும் உடுத்தினேன். எது மேல, எது உள்ளன்னு சண்டை. அப்புறம் இடுப்பு வரைக்கும் செவப்பு, இடுப்புக்கு மேல மஞ்சள்னு சுத்திவிட்டேன். "எங்களக் காலடியில போட்டுட்டியா?" அப்படின்னு ராஜப்பன் குதிக்கறான். ஆத்தா காலடியில கெடக்கறது அவனுக்கு அவமானமாம் மச்சான்! காலடின்னு சொல்லித்தானே இத்தனை நாளா விழுந்து விழுந்து கும்பிட்டான்? நான் அந்த எடத்துலயே பூசாரித்தனத்தை உதறிட்டு, மாரண்டஹள்ளிக்குப் போய்க் கத்திரிக்காய் யாவாரம் பண்ணலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். யாருக்கும் கையடிக்காத சத்தியம் இது.

இப்பத்தான் முக்கியமான சங்கதிக்கு வர்றேன். நெதானமாப் படிக்கவும்.

தேரு நிலைக்கு வந்தப்ப ஊரே கூடி நிக்குது. குள்ளன் வழக்கம்போல வாசப்படிக்கு வெளிய, புளியமரத்து நெழல்ல நின்னு பறை அடிக்கறான். அவன் கையி உங்களுக்குத் தெரியும், அவன் அடிச்சாத்தான் ஆத்தா எறங்குவா. நஞ்சம்மா வேப்பிலையோட நிக்கறா. தலையை விரிச்சுட்டா, ஒடம்பு ஆடுது. ஊரே கன்னத்துல போட்டுக்குது. உடனே சென்றாயன் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கிட்டு முன்னால பாஞ்சு, "ஆத்தா! வாக்குச் சொல்லு ஆத்தா! எந்தப் பெட்டி?" அப்படின்னான். ராஜப்பன் விடுவானா? அவனும் ஒரு எலுமிச்சம்பழத்தோட, "எந்தப் பெட்டின்னு நீயே சொல்லு தாயே!" அப்படின்னு கால்ல விழுந்தான். நல்லாக் கேட்டுக்கோங்க, ரெண்டு பேரும் அவள ஆத்தான்னாங்க, தாயேன்னாங்க, கால்ல விழுந்தாங்க. ஊரு சாட்சி.

ஆத்தா ரெண்டு பேரையும் பாத்தா. "எனக்கு ஓட்டு இருக்குதாடா?" அப்படின்னு கேட்டா.

கர்ணம் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தாரு. சாமி கேட்டா பதில் சொல்லணுமேன்னு பயந்து, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, "இல்லீங்க தாயே. வரி கட்டறவங்களுக்குத்தானுங்க ஓட்டு. கோயிலுக்கு வரி கெடையாதுங்க. அதனால தங்க பேரு ஓட்டு ஜாபிதாவுல ஏறலீங்க" அப்படின்னாரு.

"ஓட்டு இல்லாதவகிட்ட எதுக்குடா வந்து கேக்கறீங்க?" அப்படின்னா ஆத்தா. அவ கையை நீட்டிப் புளியமரத்தைக் காட்டினா. "என்னை எழுப்பறவன் அங்க வெளிய நிக்கறான். அவன் அடிச்சு நான் வர்றேன், வந்து உங்க மூஞ்சியப் பாக்கறேன். அவன உள்ள கூப்புடுங்க. அவன் கையால எனக்கு வெளக்கு ஏத்தட்டும். அப்புறம் சொல்றேன் எந்தப் பெட்டின்னு."

அவ்வளவுதான். எல்லார் கண்ணும் சென்றாயன் மேல. சேரி ஜனம் மரத்தடியில இருந்து அவனையே பாக்குது. பாய் போட்டு ஒக்காந்து வாக்குக் குடுத்த ஆளாச்சே! சென்றாயன் மொகத்தைத் தொடைச்சான், தொப்பியைக் கழட்டினான், மறுபடி போட்டுக்கிட்டான். "அதாவதுங்க... செய்ய வேண்டியதுதான். ஆனா எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்குதில்ல. கமிட்டி கூடணும், தீர்மானம் போடணும். எலெக்‌ஷன் மொதல்ல முடியட்டும்" அப்படின்னான். ராஜப்பன் எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டு, "இது ஆத்தா பேச்சே இல்லே. ஆத்தா இப்பிடிப் பேசுவாளா? இந்தப் பொம்பளைக்குப் பித்தம் தலைக்கு ஏறியிருக்குது" அப்படின்னான். உடனே சென்றாயன், "ஆமாமா, காலையில இருந்து பட்டினி வேற, வெய்யில் வேற, பித்தம்தான்" அப்படின்னான். மச்சான், அத்தனை நாளும் ஒருத்தன் நெழலை ஒருத்தன் மிதிக்காம இருந்தவனுங்க, அந்த ஒரு வார்த்தையில அண்ணன் தம்பி ஆயிட்டானுங்க! கால்ல விழுந்த மண்ணு நெத்தியில அப்பிடியே இருக்குது, அதுக்குள்ள பித்தம்ங்கறானுங்க. "பேய்கீய் பிடிச்சிருந்தாலும் இருக்கும், வேப்பங்குச்சியில நாலு இழுப்பு இழுத்தாத் தெரிஞ்சுரும்" அப்படின்னு ராஜப்பன் ஒரு கிளையை ஒடிச்சான்.

உங்க தங்கச்சியை அடிக்க ஒடிச்சான் மச்சான். உங்க கடுதாசியில ஆரம்பிச்சது அங்க வந்து நின்னுச்சு.

எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல. "எவன்டா எம்பொண்டாட்டிக்குப் பித்தம்ங்கறது?" அப்படின்னு ஒரு சத்தம் போட்டேன். அந்தத் தொண்டை எனக்கு இருக்குதுன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கிளையைப் பிடுங்கி ஒடைச்சு எறிஞ்சேன். "நான் பூசாரி. வந்தது ஆத்தாளா இல்லையான்னு நான் சொல்லணும், நீ யாருடா சொல்றதுக்கு? ஆத்தாதான் வந்திருக்கா. ஆத்தா சொன்னதை இப்பச் செஞ்சு காட்டறேன் பாரு!" அப்படின்னுட்டு, வெளிய போய்க் குள்ளன் கையைப் பிடிச்சேன். சீர்திருத்தம் பண்ணணும்னு போகலீங்க. நாட்டுக்கு நல்லது பண்ணணும்னும் போகல. பொண்டாட்டி மேல வந்தது சாமிதான்னு நிரூபிக்கணும், அந்தக் கோபம் ஒண்ணுதான்.

குள்ளன் கையை உருவிக்கிட்டான். "விடுங்க பூசாரிங்க. உங்களுக்கும் அவங்களுக்கும் சண்டை. நடுவுல நான் எதுக்குங்க? நீங்க கோபத்துல கூட்டிட்டுப் போயிடுவீங்க, கோபம் ஆறினப்புறம் எனக்கு நாளைக்குக் களத்துல வேலை குடுக்கறது யாரு? எம்பொண்டாட்டி செல்லி கெணத்துல தண்ணி எடுக்கப் போனா அடி வாங்கறது யாரு?" அப்படின்னான். அவன் சொன்னது அத்தனையும் நெஜம். நான் அங்கயே மரம் மாதிரி நின்னுட்டேன்.

அப்ப நஞ்சம்மா, இல்ல, ஆத்தா, வாசப்படி வரைக்கும் வந்தா. "குள்ளா, நீ வர்றியா?" அப்படின்னு கேட்டா. கத்தல. சாதாரணமா, வூட்டுக்கு வந்தவனைக் கேக்கற மாதிரி கேட்டா. குள்ளன் அவளைப் பாத்தான், சேரி ஜனத்தைப் பாத்தான், செல்லியைப் பாத்தான். செல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டா. அவன் சொன்னான், "வர்றதுன்னா பறையோடதான் வருவேன். அதை வெளிய போட்டுட்டு நான் மட்டும் உள்ள வர மாட்டேன்." சரின்னேன். பறையைத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள வந்தான். வெளக்கை ஏத்தினான். திரி ரெண்டு தரம் அணைஞ்சுது, மறுபடி ஏத்தினான். கும்பிட்டான். யாரு தலையும் வெடிக்கல. உள்ள இருக்கற ஆத்தா கண்ணை மூடிக்கல. ரெண்டு நிறச் சேலையில எப்பவும் போல உக்காந்திருந்தா.

இவ்வளவு நடந்த பின்னாலயும் அந்தச் சென்றாயனுக்குப் புத்தி எங்க போச்சு பாருங்க. கூட்டத்துக்குள்ள இருந்து எட்டிப் பாத்து, "சரி ஆத்தா, வெளக்கு ஏத்தியாச்சு, இப்பவாவது சொல்லு, எந்தப் பெட்டி?" அப்படின்னான். ஆத்தா அவனை ஒரு பார்வை பாத்தா. "எனக்குத்தான் ஓட்டு இல்லேன்னு சொல்லிட்டீங்களே. போயிட்டு வா" அப்படின்னுட்டு மலையேறிட்டா.

அன்னிக்குச் சாயங்காலமே கோயிலுக்குப் பூட்டு. ராஜப்பனும் சென்றாயனும் சேர்ந்து நின்னு பூட்டினாங்க. ஆளுக்கு ஒரு சாவி. தீட்டுக் கழிக்கறதுக்கு எங்கிருந்தோ ஒரு அய்யரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆனா ஒரு சிக்கலு. குள்ளன் பறையை உள்ளயே, வெளக்குப் பக்கத்துலயே வெச்சுட்டுப் போயிட்டான். அது உள்ள இருக்கற வரைக்கும் தீட்டுப் போகாது, அதைத் தொட்டா தொட்டவனுக்குத் தீட்டு. யாரு எடுக்கறது? அய்யரு யோசிச்சுப் பாத்துட்டு வெளிய நின்னபடியே கதவு மேல தண்ணி தெளிச்சாரு. பூட்டுக்கு மட்டும் புண்ணியம் கெடைச்சுது.

எனக்குப் பூசை இல்லே. குள்ளனுக்கு ஊருல வேலை இல்லே. என் காட்டுல எங்கூடக் களை எடுத்தான், எங்க ரெண்டு பேருக்கும் அந்தக் காட்டுல அவ்வளவு களை இல்லே, இருந்தாலும் எடுத்தோம். எலெக்‌ஷன் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. எலெக்‌ஷனே நடக்கல! சென்றாயன் பிரசிடெண்டு, ராஜப்பன் வைஸ் பிரசிடெண்டுன்னு அவங்களுக்குள்ள பேசி முடிச்சு, போட்டி இல்லாமலே உக்காந்துட்டாங்க. தர்மத்தைக் காப்பாத்தறதுக்காக ஒத்துமையாம். மஞ்சப் பெட்டியும் செவப்புப் பெட்டியும் ஒரே மாட்டு வண்டியில பக்கம் பக்கமா ஏறித் திரும்பிப் போச்சு. அத்தனை கற்பூரமும், அத்தனை சத்தியமும், ஆத்தா மொகத்துக் கரியும் எதுக்கு மச்சான்? நீங்க பெரிய அரசியல் தெரிஞ்சவராச்சே, எழுதுங்க, எதுக்கு?

மூணு வாரத்துக்கு முன்னால மிட்டாதார் வூட்டுப் பெரியம்மா காலமாயிட்டாங்க. நல்ல சாவு, வயசான கட்டை. பெரிய எடத்துச் சாவு, பறை இல்லாம எடுத்தா ஊரு சிரிக்கும். ராஜப்பன் சேரிக்கு ஆள் அனுப்பினான். குள்ளன் துண்டைத் தோள்ல இருந்து எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு ரொம்பப் பணிவா வந்தான். "அடிக்கறதுல ஆட்சேபணை இல்லீங்க. ஆனா பறை கோயிலுக்குள்ள இருக்குதுங்க. மறந்து வெச்சுட்டேனுங்க. நீங்க பூட்டிட்டீங்க" அப்படின்னான். வேற ஊருல இருந்து ஆள் கூப்பிட்டுப் பாத்தாங்க. சுத்துப்பட்டுல அடிக்கறவங்க அத்தனை பேரும் குள்ளனுக்குச் சொந்தம், "குள்ளன் வந்தா வர்றோம்"னுட்டாங்க. வெய்யில் ஏறுது. பொணம் கெடக்குது. வந்தவங்க எல்லாம் ஏன் இன்னும் எடுக்கலைன்னு கேக்கறாங்க. "யாராவது போய்ப் பறையை எடுத்துக் குடுங்கடா"ன்னு ராஜப்பன் கத்தறான். யாரு தொடுவா? தொடக்கூடாதுன்னு அவனேதானே சொன்னான்! கடைசியில ரெண்டு சாவியும் என் வாசலுக்கு வந்துச்சு. ராஜப்பன் தானே கொண்டாந்தான். "பூசாரி, பூட்டுத் துரு ஏறிக் கெடக்குது, நீங்களே வந்து தொறந்து விடுங்க" அப்படின்னான். வேற ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. தொறந்தேன். குள்ளன் ஊரு பாக்க உள்ள போனான், ஆத்தா முன்னால நின்னு கும்பிட்டான், வெளக்குல எண்ணெ இல்லேன்னு ஊத்தினான், திரியைத் தூண்டினான், அவசரமே இல்லாம பறையை எடுத்துக்கிட்டு வந்தான். பெரியம்மாவுக்கு அன்னிக்கு அவன் அடிச்ச மாதிரி யாருக்கும் அடிச்சதில்லே. அதுக்கப்புறம் கோயில யாரும் பூட்டல. குள்ளன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உள்ள வர்றான். மத்த நாள் வாடான்னா, வேலை இருக்குதுங்கறான். இப்ப அவனுக்குக் களத்துல கூப்பிட்டு வேலை குடுக்கறாங்க.

இவ்வளவையும் எதுக்கு எழுதறேன்னா, கோயில் கோயிலா இருக்கணும், எலெக்‌ஷன் எலெக்‌ஷனா இருக்கணும். ஆத்தா வர்றதுன்னா அவளா வருவா. யாரும் சொல்லி வர மாட்டா, யாருக்காகவும் வர மாட்டா. அன்னிக்கு வந்தது ஆத்தாதான்னு நான் எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன். நஞ்சம்மா எப்பிடிப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா? என் முன்னால நின்னு எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா. ஓட்டு என்ன, பெட்டி என்ன, ஜாபிதா என்ன, அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. அப்பேர்ப்பட்ட அப்பாவி வாயில அந்தப் பேச்சு வந்துச்சுன்னா அது தெய்வம் பேசினதில்லாம வேற என்ன? இனிமே எங்க வூட்டு ஆத்தாளைப் பத்தி எந்தக் கட்சிக்காரனுக்காவது நீ ஒரு வரி எழுதினேன்னா, நான் ரயிலேறி அங்கயே வந்துருவேன். "நீ"ன்னு எழுதிட்டேன். அடிச்சு எழுத மனசு வரல. அப்பிடியே இருக்கட்டும்.

சித்திரையில உங்க குழந்தைக்குக் காது குத்துறதுக்கு நாங்க வர்றதா இல்லை. கோபம் தணிஞ்சா வருவோம். தணியாதுன்னுதான் தோணுது. அக்காவுக்கு என் வந்தனத்தைச் சொல்லவும், அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். ஆத்தா உங்க குடும்பத்தைக் காப்பாத்துவா, உங்களையும் சேர்த்துத்தான், அவ குணம் அப்பிடி.

இப்படிக்கு,
கோபம் மாறாத,
பச்சியப்பன்,
பூசாரி.

பின்குறிப்பு: அண்ணா, இது நஞ்சம்மா எழுதறது. உன்கூட மூணாங்கிளாஸ் வரைக்கும் உக்காந்து படிச்ச எழுத்துதான், கோணலா இருந்தாலும் படிச்சுக்கோ. உறையை ஒட்டறதுக்குச் சோத்துப் பருக்கை கேட்டாரு, நானே ஒட்டித் தபால்ல போடறேன்னு வாங்கிக்கிட்டேன். அவரு எழுதினது எல்லாம் நெஜம்தான், ஒண்ணைத் தவிர. ஆத்தா வந்தா எனக்கு நெருப்பு மிதிச்சாலும் தெரியாது. அன்னிக்கு நெருஞ்சி முள்ளு ஒண்ணு உள்ளங்கால்ல ஏறி, நான் பேசி முடிக்கற வரைக்கும் குத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த ராஜப்பன் சொன்னது பாதி சரி. பேசினது ஆத்தா இல்லே. ஆனா பித்தமும் இல்லே. இதை அவருகிட்டச் சொல்லாத. எனக்காக ஊரு முன்னால அப்பிடிச் சத்தம் போட்ட மனுசன், பாவம். காது குத்துக்கு வருவோம், அக்காகிட்டச் சொல்லு. குள்ளன் மட்டும் உள்ள போறான், நான் எதுக்கு வெளிய நிக்கணும்னு செல்லி கேக்கறா. கேக்கறது நியாயந்தானே? வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு ஆத்தா வர்ற மாதிரி இருக்குது.